மூக்குக்குத் தெரியாத எதிரி

எங்க பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்து ஆசாமிகளுக்கு மூக்கின் மேல் அபார நம்பிக்கை. கரிசல் மண் வாசனையை வைத்தே மழை எங்கே என்று சொல்லிவிடுவார்கள். கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸில் மருந்து லேசாகப் பொசுங்கினாலும் மூக்கு தந்தியடித்துவிடும்.

அந்த மூக்கு செல்லுபடியாகாத இடம் ஒன்று உண்டு சார்... ஆபரேஷன் தியேட்டர்!

என் அக்கா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தியேட்டர் நர்ஸ். டூட்டி முடிந்து வந்ததும், "மண்டை வலிக்குலே தம்பி" என்று சுருண்டு படுத்துவிடுவாள். "மயக்க மருந்து பேஷன்ட்டுக்கா, உனக்கா?" என்று அத்தான் கிண்டலடிப்பார். விசாரித்தால், கிண்டலில் பாதி நிஜம்!

பேஷன்ட் இழுக்கும் நைட்ரஸ் ஆக்ஸைடு, ஐஸோஃப்ளூரேன் வகையறாக்கள் மூச்சோடு திரும்பி வரும். மாஸ்க் ஓரத்தில் கசியும். ஏ.சி. உள்காற்றையே சுற்றவிட்டால் கேஸும் சேர்ந்து சுற்றும். பேஷன்ட் ஒரு மணி நேரத்தில் போய்விடுவார். நர்ஸ் வருஷக்கணக்கில் அங்கேயே நிற்கிறாள்.

1967-ல் ரஷ்ய டாக்டர் வாய்ஸ்மன், மயக்க மருந்து தரும் பெண் டாக்டர்களின் 31 கர்ப்பங்களில் 18 கலைந்ததாக எழுதினார். கேஸ் மட்டும்தான் காரணமா என்று பிற்பாடு சர்ச்சை. ஆனாலும் உலகம் உஷாரானது. 1977-ல் அமெரிக்காவின் 'நியோஷ்' வரம்பு போட்டது: காற்றின் பத்து லட்சம் பங்கில் நைட்ரஸ் ஆக்ஸைடு 25, ஹாலோத்தேன் போன்றவை 2. ஹாலோத்தேன் வாசனை உங்கள் மூக்குக்கு எட்டினால், வரம்பை எப்போதோ தாண்டியாச்சு என்று அர்த்தம்!

அப்போது அக்கா மூணு மாசம். அத்தானின் கிண்டல் நின்றுபோனது. அக்காவே நேராக மயக்க மருந்து டாக்டரிடம் போனாள்.

"எக்ஸ்ரே ரூம்காரங்களுக்குச் சட்டையில பேட்ஜ் இருக்கு. எங்களுக்கு என்ன சார் இருக்கு?"

"நியாயம்தாம்மா" என்றார் அவர். கேஸை அளக்கவும் பேட்ஜ் உண்டாம்!

பாயில்ஸ் மெஷினிலிருந்து கழிவு கேஸை வெளியேற்ற, கட்டடத்துக்கு வெளியே வரை குழாய் போட்டார்கள். அக்காவை வார்டுக்கு மாற்றினார்கள். மருமகள் இப்போது யு.கே.ஜி. அக்கா மறுபடி தியேட்டரில். அளக்கும் பேட்ஜ் மட்டும் இன்னும் 'சாங்ஷன்' ஆகவில்லை. குழாய் வேலை செய்கிறதா என்பது அளந்தால்தானே தெரியும்?

உங்கள் வீட்டிலும் தியேட்டர் ஸ்டாஃப் இருந்தால் மூன்றே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கழிவு கேஸ் வெளியே போகிறதா? காற்று மணிக்குப் 15 தடவையாவது மாறுகிறதா? கடைசியாக எப்போது அளந்தீர்கள்?

1799-ல் கட்டபொம்மனைத் தேடி வந்த வெள்ளைக்காரனாவது பீரங்கிச் சத்தத்தோடு வந்தான். இந்த எதிரி அந்த மரியாதைகூடத் தருவதில்லை!