பதிமலை ஆனை

பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஓவியப் புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் நான் அடிக்கடி பிரித்துப் பார்ப்பது ஒரே பக்கத்தைத்தான். டச்சு ஓவியர் ஹொப்பெமா 1689இல் வரைந்த மிடில்ஹார்னிஸ் சாலை. அசல் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. நடுவே மண்பாதை, இருமருங்கிலும் நெடுநெடுவென்று மரங்கள், நாயோடு நடந்துவரும் ஒருவர். வலப்பக்க நாற்றங்காலில் ஒருவர் செடிகளைக் கவ்வாத்து செய்துகொண்டிருப்பார். மீதியெல்லாம் வானம். அவ்வளவு பெரிய வானத்தை விட்டுவிட்டு என் கண் அந்தத் தோட்டக்காரரிடம்தான் போய் நிற்கும்.

போன ஆடியில் ஒரு காலை குமிட்டிபதிப் பாறை ஓவியங்களைப் பார்க்கக் கிளம்பினேன். கோவையிலிருந்து பாலக்காட்டுச் சாலையில் எட்டிமடை தாண்டி, கந்தேகவுண்டன்சாவடியில் திரும்பி வேலந்தாவளம் போகிற வழி. மேற்குத் தொடர்ச்சி மலை இங்கேதான் சுமார் 30 கிலோமீட்டருக்கு விலகி வழிவிடுகிறது. அந்தக் கணவாய்க் காற்றில் தென்னைகள் எல்லாம் கிழக்கே தலைசாய்த்து ஆடின. மலை மறைக்காத மேற்கு வானத்தில் மேகம் மேகமாக வந்துகொண்டே இருந்தது. கொங்கு நாட்டில் இவ்வளவு வானத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பதிமலை அடிவாரத்தில் ஓர் ஆத்தா தொரட்டியால் வேலங்கொப்பை வளைத்து ஆடுகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“ஏங்கண்ணு, ஆனை பாக்க வந்தீங்களா?”

“ஆமாங்க ஆத்தா.”

“பாத்து ஏறுங்க. காத்து ஆளைத் தள்ளும், பாறையப் புடிச்சுக்குங்க.”

பாறைக் குடைவுக்குள் கண் பழகச் சற்று நேரம் ஆனது. பிறகு வெள்ளைக் கோடுகளாய் ஆனை தெரிந்தது. பக்கத்தில் மனிதர்கள், தேர் போல ஒன்று. சுமார் 3,000 ஆண்டுப் பழமை என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. அந்தச் சுவரிலேயே யார் யாரோ தங்கள் பெயரையும் கிறுக்கிவைத்திருக்கிறார்கள். வயிறு எரிந்தது. ஒரு கோடு அழிந்தால் அதைத் திரும்பப் போட்டுத்தர இனி யாருமில்லை.

வெகுநேரம் பார்த்த பிறகுதான் ஒன்று உறைத்தது. ஹொப்பெமா பாதை, வாய்க்கால், தூரத்துத் தேவாலயக் கோபுரம் என்று ஒன்றையும் விடாமல் வரைந்தார். இங்கே ஒரு மரம்கூட என் கண்ணில் படவில்லை. மலை இல்லை, மேகம் இல்லை. ஆனையும் ஆட்களும் வெறும் பாறைமேல் நிற்கிறார்கள். ஏன் இப்படி என்று யோசித்தபடியே திரும்பி உட்கார்ந்தேன். எதிரே தென்னந்தோப்பு, கிளுவை வேலி, ஓட்டுச் சாளை, அதற்குமேல் முழு வானம். வரைந்தவர் தோளைத் திருப்பினாலே ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். அதை எதற்குச் சுவரில் வரைய வேண்டும்? எனக்குத் தோன்றிய காரணம் இதுதான்.

கீழே ஆத்தா அடுத்த மரத்துக்குப் போயிருந்தார். தொரட்டி உயர்ந்தது. கொப்பு வளைந்து வருவதற்குள் ஆடுகள் முன்னங்காலைத் தூக்கி நின்றுவிட்டன.