சுவரில் முளைத்த ஆலமரங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போகிறவர்கள், தெல்லிப்பழையைத் தாண்டியதும் ஒரு காட்சியைக் காண்பார்கள். புதிய வீட்டுத்திட்ட வீடுகளுக்கு இடையிடையே கூரையில்லாத பழைய வீடுகள் நிற்கின்றன. அவற்றின் சுவர்களில் ஆலும் அரசும் இத்தியும் வேரோடியிருக்கின்றன. 1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது வெறுமையான வீடுகள் இவை. உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த காணிகள் 2009 இல் போர் முடிந்த பின்னர் கட்டம் கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 ஜூலையில்தான் மக்களுக்குக் கிடைத்தது. இடைப்பட்ட அத்தனை வருடங்களும் வீட்டுக்காரருக்குப் பதிலாகக் குடியிருந்தவை இந்த மரங்கள்தான்.

அவை வந்த விதம் எளிமையானது. பழம் தின்ற காகமும் மைனாவும் எச்சத்தோடு விதையைப் போடுகின்றன. இப்பகுதியின் பழைய வீடுகளில் பல சுண்ணாம்புக் கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டப்பட்டவை. ஓடு போய் மழை இறங்கினால் சாந்து இளகி, வெடிப்பில் ஈரம் தங்குகிறது. ஆலம்விதைக்கு அது போதும். வேர் சுவரைப் பிளக்கிறது. பிளந்த சுவரை அதே வேர் பின்னிப் பிடித்தும் வைத்திருக்கிறது. ஆகவே மரத்தை வெட்டினாலும் சுவர் விழலாம், விட்டுவைத்தாலும் விழலாம்.

மீள்குடியேறிய குடும்பங்களைச் சந்திக்க இந்தப் பக்கம் நான் அடிக்கடி போவதுண்டு. மாவிட்டபுரத்துக்கு அப்பால் ஒரு வளவில், கணவரை இழந்து பிள்ளைகளைத் தனியே வளர்த்தெடுத்த அம்மா ஒருவர் இருக்கிறார். புதிய வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுவதற்காகப் பழைய வீட்டை இடிக்க வேண்டியிருந்தது. அடுப்படிச் சுவரில் ஓர் ஆல் நின்றது. வெட்டி எரிக்கச் சொன்னார் மேசன். வேரில் மருந்து ஊற்றச் சொன்னார்கள் அயலவர்கள். தொலைக்காட்சியில் பொன்சாய் மரங்களைப் பார்த்திருந்த மகளோ, சுவர் இடிபட்ட அன்று மணிக்கட்டு மொத்தமான ஒரு கன்றை வேரோடு எடுத்து, அடியில் ஓட்டை விழுந்த பழைய தாச்சியில் நட்டுவிட்டார். இன்று அவர்களின் கிணற்றடியில் ஏழெட்டுச் சட்டிகளில் மரங்கள் நிற்கின்றன.

“ஆலமரத்தைக் குறுக்கி வைச்சால் குடும்பமும் வளராது எண்டு அயலுக்குள்ள சொல்லிச்சினம், பிள்ளை” என்றார் அந்த அம்மா. “நாங்களும் எத்தினை வருசம் மல்லாகத்து முகாமில சட்டிக்குள்ள இருந்த மாதிரித்தானே இருந்தனாங்கள். பட்டுப்போனனாங்களே?”

பொன்சாய் என்றதும் வசதியானவர்களின் வரவேற்பறைதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் அதன் வரலாற்றிலும் இடம்பெயர்வு உண்டு. யப்பானில் 1923 செப்டெம்பர் 1 ஆம் திகதி ஏற்பட்ட பெரும் பூமியதிர்ச்சியில் டோக்கியோ நகரம் அழிந்தது. அங்கு பொன்சாய் வளர்த்தவர்களில் ஒரு பகுதியினர், நல்ல நீரும் மண்ணும் தேடி மரங்களுடன் வடக்கே ஓமியா என்ற இடத்துக்குப் போய், 1925 இல் ஒரு கிராமத்தை அமைத்தார்கள். அங்கு குடியேறுபவர் பத்துப் பொன்சாய் மரங்களாவது வைத்திருக்க வேண்டும், தோட்டத்தைப் பிறர் பார்க்கத் திறந்து வைக்க வேண்டும், மதிலுக்குப் பதிலாக உயிர்வேலி வேண்டும், மாடி வீடு கட்டக் கூடாது என்பன அவர்கள் வகுத்த விதிகள். அந்தக் கிராமம் இன்றும் இருக்கிறது. 2010 இல் அதற்கருகே பொன்சாய்க்கென ஓர் அரும்பொருட் காட்சியகமும் திறக்கப்பட்டது. அவர்கள் பெரிதும் மதிக்கும் பழைய மரங்களிற் பல, மலைப்பாறை வெடிப்புகளில் காற்றுக்கும் வறட்சிக்கும் ஈடுகொடுத்துத் தாமாகவே குறுகி நின்றவை. அப்படி எடுத்து வந்த மரத்தை ‘யமாதொரி’ என்பார்கள். நமது சுவர் வெடிப்பு ஆலும் அந்த வகையைச் சேர்ந்ததே.

மகள் செய்யும் முறையைச் சொல்கிறேன். மாரி தொடங்கும் ஐப்பசியில் கன்றை எடுக்கிறார். முதலில் கிளைகளைக் குறைக்கிறார். வேர் குறையும்போது இலையும் குறையாவிட்டால் மரம் வாடிவிடும். வேரை இழுக்காமல், அலவாங்கால் கல்லைப் பெயர்த்து எடுக்கிறார். எடுத்ததும் ஈரச் சாக்கில் சுற்றுகிறார். செம்பாட்டு மண் மட்டும் சட்டியில் இறுகிவிடும் என்பதால், இடிந்த வீட்டின் ஓட்டையும் செங்கல்லையும் பயறளவு துண்டுகளாக உடைத்து, தூளை அரித்து நீக்கி, நன்கு உக்கிய மாட்டெருவுடன் கலக்கிறார். சட்டியின் அடியில் துளை கட்டாயம் வேண்டும். ஒரு மாதம் அளவில் நிழல். புதுத் துளிர் வரும்வரை உரம் இல்லை. பிறகு நல்ல வெயில். கிளையை வளைக்கப் பழைய மின்வயரின் செப்புக் கம்பியைச் சுற்றுகிறார். பட்டையில் பதியுமுன் அதை வெட்டி எடுத்துவிட வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேரை அளவாக வெட்டி மண்ணை மாற்றுகிறார்.

எடுக்க முடியாத பெரிய மரங்களிலிருந்தும் கன்று பெறலாம். பெருவிரல் மொத்தமான கிளைத்துண்டை ஈரமணலில் ஊன்றினால் ஆல் இலகுவில் வேர்விடும். அல்லது கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாகச் சீவி, ஈரத் தும்பை வைத்துப் பொலித்தீனால் கட்டிவிட்டால், வேர் வந்தபின் அதற்குக் கீழே வெட்டி நடலாம்.

சில அவதானங்களும் தேவை. பிறர் காணியில் உரியவரின் அனுமதியின்றி எதையும் எடுக்க வேண்டாம். காட்டிலிருந்து பிடுங்கவே கூடாது. ஆடும் சுவரின் கீழ் நின்று தோண்ட வேண்டாம். மண்ணில் அறியாத இரும்புப் பொருள் தென்பட்டால் தொடாமல் விலகி, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

இதை ஒரு சுயதொழிலாக நான் பரிந்துரைக்கவில்லை. ஒரு மரம் பார்வைக்கு வரவே பல வருடங்கள் செல்லும். கோடையில் ஆழமில்லாத சட்டிக்குக் காலையும் மாலையும் தண்ணீர் வேண்டும். வீட்டு வேலை முழுவதையும் சுமக்கும் பெண்ணின் தலையில் இதுவும் ஏறிவிடக் கூடாது. வீட்டில் உள்ள எல்லோரும் முறைவைத்து ஊற்றினால்தான் சரிவரும்.

அந்த வீட்டிலும் இப்போது அதே கேள்விதான். மகளுக்குக் கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. வாளி தூக்க முடிவதில்லை. மரங்களுக்காக மகளை மறிப்பது நியாயமில்லை என்று அம்மாவே சொல்லிவிட்டார். நான்கு சட்டிகளை அயல்வீடுகள் பொறுப்பெடுத்துள்ளன. இரண்டை அம்மா வைத்துக்கொள்வார். அடுப்படிச் சுவரிலிருந்து வந்த முதல் மரத்தை மட்டும் வருகிற மாரியில் சட்டியிலிருந்து எடுத்து, வீட்டுக்கும் கிணற்றுக்கும் தூரமாக, ஒழுங்கை முகப்பில் நிலத்திலேயே நடப் போகிறார்கள்.

சட்டியில் இருந்த மரம் அப்படியே குறுகி நிற்குமோ என்று அம்மா கேட்டார். நிற்காது. நிலம் கிடைத்தால் அதன் வேர் ஓடும்; மற்ற ஆலைப் போலவே அதுவும் வளரும்.