கட்டில் போர்வையும் கடற்கரை ஊரும்

போர்வைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருந்தது என்றால் நம்புவீர்களா, வாசகப் பெருமக்களே? இங்கிலாந்தின் யார்க் நகரில் 2008 முதல் 2015 வரை அது இயங்கியது. துண்டுத் துணிகளை இணைத்தும், பஞ்சை உள்ளே வைத்தும் பெண்கள் தைத்த போர்வைகளே அங்குக் காட்சிப் பொருள்கள். அத்தொகுப்பைச் சேர்ந்த ஒரு பட்டுப் போர்வையில் 1718 என்ற ஆண்டும், 'இ', 'எச்' என்ற இரு ஆங்கில எழுத்துகளும் தைக்கப்பட்டுள்ளன.

இதைப் படித்த பின்னரே கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையை நான் வேறு கண்ணுடன் பார்க்கலானேன். அக்காலத்து ஐரோப்பியச் சீமாட்டிகள் ஆசைப்பட்ட வண்ணத் துணி நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறியதல்லவா? கட்டில் விரிப்பாக அங்கே சென்ற துணிக்கு 'பலம்போர்' என்று பெயர். 'பலங்க்போஷ்', அதாவது கட்டிலை மூடுவது என்ற சொல்லே அவர்கள் நாவில் அப்படித் திரிந்தது.

அதன் வேலைப்பாடு எளிதன்று. கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை ஊற வைப்பார்கள். பாலின் கொழுப்பு, மை பரவாமல் காக்கும். இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் கறுப்புக் கோடு. படிகாரம் தீட்டிய இடத்தில் சாயவேரின் சிவப்பு ஏறும். நீலம் படக் கூடாத இடங்களை மெழுகால் மறைத்து அவுரியில் தோய்ப்பார்கள். எத்தனை முறை துவைத்தாலும் போகாத அந்த நிறத்திற்கு அஞ்சித்தான், 1700 இலும் 1721 இலும் இங்கிலாந்து தடைச் சட்டங்களே இயற்றியது! சீமாட்டிகளோ துணியில் இருந்த பூவையும் பறவையையும் தனியே வெட்டியெடுத்துத் தங்கள் போர்வைகளில் ஒட்டித் தைத்துக் கொண்டார்கள்.

கடலூரில் தேவனாம்பட்டினத்துக் கோட்டையின் எச்சத்தைப் பாருங்கள். 1690 இல் கும்பினியார் மராட்டியரிடம் வாங்கியது. பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த தொலைவு வரை தமதென எல்லை வகுத்த வேடிக்கை நடந்தது இங்கேதான்.

பின்னர் பு.முட்லூரில் கிழக்கே திரும்பினால் பரங்கிப்பேட்டை. போர்த்துக்கீசியருக்குப் 'போர்ட்டோ நோவோ'. நம்மவருக்கு 'மஹ்மூது பந்தர்'. வெள்ளாறு கடலில் கலக்கும் இத்துறையிலிருந்து மரக்காயர்களின் கப்பல்கள் அச்சேவுக்கும் கெடாவுக்கும் துணி ஏற்றிச் சென்றன. இன்று அங்கே அந்தத் துணியில் ஒரு முழங்கூட என் கண்ணில் படவில்லை. வெளிநாட்டு அருங்காட்சியகங்களிலோ, 'சோழமண்டலக் கடற்கரை' என்ற குறிப்போடு விரிப்புகள் தொங்குகின்றன. தீட்டியவர் யார், எந்தத் தெருவினர்? அந்த இரண்டு எழுத்துகள்கூட இல்லை.

நான் தங்கியிருந்த வீட்டு மூதாட்டியிடம் இதைச் சொன்னேன். அவர் எழுந்து சென்று, பழைய கைலிகளையும் சேலைகளையும் அடுக்கித் தைத்த கனத்த போர்வை ஒன்றைக் கொண்டு வந்தார். நுணுக்கமான ஓட்டுத் தையல், வரி வரியாக.

"கிழிஞ்ச துணிதானே தம்பி, இதைப் போய் யாரு பார்ப்பா?" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. என் தாயார் தைத்த இத்தகைய போர்வையை, வீடு மாறும்போது பீரோவில் கீறல் விழாதிருக்கச் சுற்றி அனுப்பினோம். பீரோ வந்து சேர்ந்தது, போர்வை வரவில்லை. அப்போது அதை ஓர் இழப்பாகவே நாங்கள் கருதவில்லை என்பதுதான் இன்று உறுத்துகிறது.

உங்கள் வீட்டுப் பெட்டியில் அப்படி ஒன்று இருந்தால் பிளாஸ்டிக் பையில் அடைக்காதீர்கள். ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, கடும் வெயில் படாமல் வையுங்கள். சில மாதங்களுக்கு ஒரு முறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் இழை இற்றுப் போகும். தைத்தவர் பெயரையும் ஆண்டையும் நாடாவில் எழுதி ஓரத்தில் தைத்து விடுங்கள்.

"எந்த வருஷம் தைத்தீர்கள், பெரியம்மா?" என்று கேட்டேன்.

"மூத்தவ நிக்காஹுக்கு முந்தின மழைக்காலம்" என்றவர், பேரப்பிள்ளைகளின் வயதை வைத்து விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். சிதம்பரம் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. கணக்கு முடியும் வரை நான் எழவில்லை.