ஷனெலும் என் கவரிங் செயினும்

தோழியின் அக்கா கல்யாணத்துக்குக் கவரிங் செயின் போட்டுக்கொண்டு போய், யாராவது கிட்டே வந்தால் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்ட ஆள் நான். அதனால்தான் கோகோ ஷனெல் கதையைப் படித்ததும் ஆச்சரியம் தாங்கவில்லை.

1920களில், பாரிஸில், இந்த அம்மா போலி முத்து மாலைகளைச் சரம் சரமாகப் போட்டுக்கொண்டு திரிந்தார். நடுவில் அசல் முத்தும் கலந்திருக்கும். எது எது என்று நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்! கிரிப்வா பட்டறையில் கண்ணாடியை உருக்கி, உலோகச் சட்டத்துக்குள் ஊற்றி, மாணிக்கம் மரகதம் மாதிரி மின்ன வைத்துக் கொடுத்தார்கள். சிசிலிக்காரரான வெர்டூரா பிரபு, பட்டையான எனாமல் காப்புகளில் மால்டீஸ் சிலுவை வைத்தார். அந்தப் பழைய கண்ணாடி நகைகளை இன்று ஏலத்தில் தேடி வாங்குகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 1932-ல் ஊரே பொருளாதார மந்தத்தில் கிடந்தபோது, இவரே அசல் வைர நகைக் கண்காட்சி வைத்தார். அதில் வால் நட்சத்திர நெக்லஸ் ஒன்று, கொக்கியே இல்லாமல் கழுத்தைச் சுற்றி நிற்கும். 2022-ல் அதன் 90-ம் ஆண்டுக்கு அந்த நிறுவனம் புதிதாக ஒரு தொகுப்பே செய்தது.

எனக்கு உறுத்துவது வேறு. ஆதரவற்ற குழந்தையாக வளர்ந்தவர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போலி முத்துப் போட்ட காலத்தில், காதலர்கள் கொடுத்த அசல் நகைகள் பெட்டியில் இருந்தன. இருப்பவர் போட்டால் ஃபேஷன். என்னிடம் அந்தப் பெட்டி இல்லையே :(

செயின் மேசை டிராயரில் கிடக்கிறது, கொக்கிப் பக்கம் லேசாகக் கறுத்து. அடுத்த மாதம் இன்னொரு கல்யாணம். இந்த முறை சேலை. மூட துப்பட்டா கிடையாது.