தென்காசிப் பட்டறையில் மூன்று நாள்

குற்றாலத்துக்குப் போகிறவர்களுக்கு எப்போதுமே ஓர் அவசரம் உண்டு. தென்காசியில் கால் வைத்ததும் சாரல் முகத்தில் வந்து விழுகிறது. அதற்கப்புறம் அருவியைத் தவிர வேறு நினைவு ஏது? ஆனால் இந்தப் பருவத்தில் நாம் மூன்று நாள் தென்காசியிலேயே தங்கும்படி நேர்ந்தது. அதற்குக் காரணம் ஒரு மோட்டார் வண்டியின் கியர் பெட்டி.

வண்டி நம் நண்பருடையது. 1970-களில் மேல்நாட்டில் செய்யப்பட்டது. நண்பருக்குச் சிறு வயது முதலே இடது கால் சுவாதீனமில்லை. சாதாரணக் காரில் கிளட்சை மிதிப்பதற்கு இடது கால் வேண்டும் அல்லவா? இந்த வண்டியில் கிளட்ச் மிதியே கிடையாது. வேகத்துக்குத் தக்கபடி கியர் தானே மாறிக்கொள்ளும். இத்தகைய கார்கள் இன்று நம் தெருக்களில் தாராளமாக ஓடுகின்றன. நண்பரின் தகப்பனார் இதை வாங்கிய காலத்திலோ அவை மிகவும் அபூர்வம். வாழ்க்கையில் முதல் முதலாகப் பிறர் துணையின்றி நண்பர் ஊர் சுற்றியது இந்த வண்டியில்தான். ஆகவே, இதன் கியர் பெட்டி உடைந்தபோது, "பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்" என்று பலர் சொன்ன யோசனை அவர் காதில் ஏறவில்லை. சென்னைப் புதுப்பேட்டையில் தேடி, அதே ஜாதிப் பெட்டி ஒன்றைப் பழைய சாமான்களின் நடுவே கண்டுபிடித்தார். அதைப் புதுப்பித்துத் தர ஒப்புக்கொண்டவர் தென்காசியில் பட்டறை வைத்திருக்கும் ஒரு மேஸ்திரி.

இந்த விதமான பெட்டியை முதன் முதலில் ஏராளமாகச் செய்து விற்றவர்கள் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார். 'ஹைட்ரா-மாடிக்' என்ற பெயருடன் 1939-ஆம் வருஷத்தில் அது வெளிவந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் சில இலேசான டாங்கிகளிலும் அதைப் பொருத்தினார்கள். இதன் சூட்சுமத்தை நேயர்கள் சுலபமாக அறியலாம். இரண்டு விசிறிகளை எதிரெதிராக வைத்து ஒன்றைச் சுழற்றினால், அந்தக் காற்றில் மற்றதும் சுழலும். இங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய், அவ்வளவுதான். எஞ்சின் ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அது தள்ளும் எண்ணெய் எதிர்ச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதற்குப் பின்னால் பல்சக்கரங்கள் இருக்கின்றன. நடுவில் சூரியன், அதைச் சுற்றிக் கிரகங்கள், வெளியே ஒரு வளையம். இவற்றில் எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுழல விடுகிறோம் என்பதைப் பொறுத்து வேகம் மாறும். பிடிப்பதும் விடுவதும் எண்ணெயின் அழுத்தத்தினாலேயே நடைபெறுகின்றன.

முதல் நாள் மேஸ்திரி பெட்டியைத் திறந்தார். நல்ல எண்ணெய் குங்குமம் போல் சிவந்திருக்கும். இதிலிருந்து வடிந்ததோ கறுத்து, கருகல் நாற்றம் அடித்தது. அடித்தட்டில் படிந்திருந்த மண்டியை விரலால் தேய்த்துப் பார்த்தார். உலோகச் சில்லுகள் தட்டுப்படவில்லை. மாவு போன்ற சாம்பல் நிறத் தூள்தான் இருந்தது.

"ஐயா, பெட்டி நல்ல பெட்டிதான். இரும்பு கெடலை. ரப்பர்தான் செத்துப்போச்சு" என்றார்.

வருஷக் கணக்கில் சும்மா கிடந்ததால் ரப்பர் ஸீல்கள் கல்லாக இறுகியிருந்தன. அவை இறுகினால் எண்ணெய் கசியும். எண்ணெய் கசிந்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கிளட்ச் பிளேட்டுகள் வழுக்கித் தேய்ந்து கருகும். பிளேட்டுகளை எடுத்துப் பார்த்தபோது அவர் சொன்னது அப்படியே இருந்தது. பல்சக்கரங்களோ பளபளவென்று புதுக்கருக்கு மாறாமல் இருந்தன.

பெட்டிக்குள் மிகவும் சிக்கலான பகுதி வால்வுகள் அடங்கிய உலோகப் பலகை. எறும்பு வளை போல் அதில் எத்தனையோ கால்வாய்கள். அங்கங்கே சிறு எஃகுக் குண்டுகள். ஒரு குண்டு இடம் மாறினாலும் கியர் சரியாக விழாது. மேஸ்திரி, மகனுடைய பள்ளிக்கூட நோட்டில் படம் வரைந்து ஒவ்வொரு குண்டுக்கும் இடம் குறித்துக்கொண்டார். துடைப்பதற்குத் துணியைத் தொடவே இல்லை. ஒரு நூல் பிரிந்து கால்வாயில் அடைத்தாலும் போதும், காரியம் கெட்டுவிடும் என்றார்.

அன்று மாலை புதுப் பிளேட்டுகளைப் புது எண்ணெயில் ஊறப் போட்டுவிட்டு மேஸ்திரி வீட்டுக்குப் புறப்பட்டார். நாம் காசி விசுவநாதர் கோயிலுக்குப் போனோம். வாசலில் நுழையும்போதே மேல் துண்டைப் பறிக்கப் பார்க்கும் அந்தக் காற்றைத் தென்காசிக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்வதில் வியப்பில்லை.

இந்தக் கோயிலை 15-ஆம் நூற்றாண்டில் கட்டியவன் பராக்கிரம பாண்டியன். அவன் கல்லில் பொறிக்கச் செய்த பாடல் ஒன்று இங்கே இருக்கிறது. அரசர்கள் கல்வெட்டில் தங்கள் வெற்றிகளைச் சொல்லிக்கொள்வதுதான் வழக்கம். இவனோ, பிற்காலத்தில் இக்கோயிலுக்கு ஏதேனும் குறை வந்து அதைச் சரிசெய்து காப்பவர் எவராயினும், உலகறிய அவரைப் பணிவதாகச் சொல்லியிருக்கிறான். அப்படிப்பட்ட குறையும் வரத்தான் செய்தது. மேல் நிலைகளை இழந்த கோபுரம் நெடுங்காலம் 'மொட்டைக் கோபுர'மாகவே நின்றது. பின்னர் சிவந்தி ஆதித்தனார் முன்னின்று நடத்திய திருப்பணியில் ஒன்பது நிலைகளும் எழும்பி, 1990-ஆம் வருஷத்தில் குடமுழுக்கு நடந்தது. பழைய கல் அடித்தளம் கீழே தாங்க, புதிய நிலைகள் மேலே நிற்கின்றன. எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று அறிவதுதான் புதுப்பிக்கிற கலை. காலையில் பட்டறையில் கண்ட அதே விஷயம்தான் இங்கே ஆகாயம் அளாவி நின்றது.

இரண்டாம் நாள் பெட்டியைப் பூட்டினார்கள். மூடுவதற்கு முன்னால் எண்ணெய் போகும் துவாரங்களில் காற்றை அடித்துப் பார்த்தார் மேஸ்திரி. ஒவ்வொரு கிளட்சும் 'டப்' என்று கௌவும் சத்தம் கேட்டபோதுதான் அவர் முகம் மலர்ந்தது. மூன்றாம் நாள் பெட்டி வண்டியில் ஏறியது.

உடனே குற்றாலம் புறப்பட்டோம். வழி சுமார் 5 கிலோமீட்டர்தான். பேரருவியில் நல்ல தண்ணீர். மலை உச்சியிலிருந்து வரும் அவ்வளவு வெள்ளமும் நேரே தலையில் விழுந்தால் யாரால் தாங்க முடியும்? நடுவழியில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பாறைக் குழியில் விழுந்து, பொங்கி வழிந்த பிறகே அது கீழே வருகிறது. குழந்தைகளும் கிழவர்களும் அதன் கீழ் நின்று குளிக்க முடிவது அதனால்தான். எஞ்சினுடைய முரட்டு வேகம் எண்ணெயில் விழுந்து பக்குவப்பட்டுச் சக்கரத்துக்கு வருவதும் ஏறக்குறைய இப்படித்தான் என்று நண்பரிடம் சொன்னோம். அவர் காதில் அது விழவில்லை. அவர் கவனமெல்லாம் மறுநாள் ஏற வேண்டிய மலைப் பாதையில் இருந்தது.

செங்கோட்டையைத் தாண்டிப் புளியறை வளைவுகளில் கார் ஏறியது. பாதி ஏற்றத்தில் முன்னால் போன லாரி நின்றுவிட, நாமும் நின்றோம். நண்பர் மூச்சுவிடாமல் பிரேக்கிலிருந்து வலது காலை எடுத்து ஆக்ஸிலேட்டரில் வைத்தார். வண்டி பின்னுக்கு உருளாமல், குலுங்காமல், மெள்ள நகர்ந்து மேலே சென்றது.

ஆரியங்காவில் நிறுத்தியதும் அவர் முதலில் செய்த காரியம், மேஸ்திரிக்கு டெலிபோனில், "ஏறிவிட்டதுங்க!" என்று சொன்னதுதான்.

"சந்தோஷம் ஐயா. எஞ்சின் ஓடட்டும், ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்க. அப்புறம் வண்டிக்கு அடியிலயும் பாருங்க" என்று பதில் வந்தது.

குச்சியில் எண்ணெய் குங்குமச் சிவப்பாக இருந்தது. வண்டிக்கு அடியில் தரை உலர்ந்திருந்தது.