சாமை பறக்காத காற்று

கச்சிராயபாளையத்தைக் கடந்து, கோமுகி அணையை ஒட்டி ஏறும் சாலை கரியாலூரில் கொஞ்சம் ஆசுவாசப்படுகிறது. சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் படகுத் துறைக்குத் திரும்பிவிடுவார்கள். நான் போனது சாலையோரத்து ஓட்டு வீடு ஒன்றின் முன்னறைக்கு. டிப்ளமோ முடித்து ஊர் திரும்பிய இளைஞர் ஒருவர், விடுமுறை நாட்களில் அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சின்ன மோட்டார்களை ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்.

மேசையில் ஆர்டுயினோ ஊனோ போர்டு, மல்டிமீட்டர், ரோபோ வண்டிகளில் வரும் மஞ்சள் கியர் மோட்டார்கள். பக்கத்திலேயே ஒரு முறத்தில் உமி கலந்த சாமை. சாமை தூற்ற ஒரு குட்டி விசிறி செய்வதுதான் அன்றைய வேலை. சாமை மணி பொடிசு. காற்று கொஞ்சம் கூடினாலும் உமியோடு மணியும் பறந்துவிடும். அதனால் விசிறி சுற்றினால் மட்டும் போதாது, சொன்ன வேகத்தில் சுற்ற வேண்டும்.

மஞ்சள் மோட்டார் அப்படியே உதவாது. அதன் கியர் 48 சுற்றை ஒன்றாகக் குறைத்துவிடுகிறது. விசிறிக்கு வேண்டியது வேகம். ஒரு பையன் மஞ்சள் கூட்டைப் பிரித்து, உள்ளே இருந்த பொம்மை மோட்டாரை மட்டும் எடுத்து வைத்தான். ஒன்பதாம் வகுப்புப் பெண் அதன் இரு முனைகளில் மீட்டரை வைத்தாள்.

“ஆறு ஓம் சார்.”

“அஞ்சு வோல்ட்டு குடுத்தா?”

“முக்கால் ஆம்பியருக்கு மேல போவும்.”

“போர்டோட பின் எவ்ளோ தரும்?”

“நாப்பது மில்லி ஆம்பியர்.”

“அது தாங்குற கடைசி எல்லைம்மா. இருபதுக்குள்ள வச்சுக்க.”

இந்தச் சின்ன உரையாடலில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. மோட்டார் சுற்றத் தொடங்கிவிட்டால் தானே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, இழுக்கும் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் புறப்படும் கணத்திலும், இறக்கையில் ஏதாவது சிக்கி நிற்கும்போதும் அந்த எதிர் மின்னழுத்தம் இல்லை. வெறும் கம்பிச் சுருளாக எண்ணூறு மில்லி ஆம்பியர் கேட்கும். பின் தரக்கூடியது அதில் நாற்பதில் ஒரு பங்கு. நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் நின்றே ஆக வேண்டும்.

பல இடங்களில் இந்தக் கணக்கே நடப்பதில்லை. பள்ளிகளுக்கான மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம் 2016-இல் தொடங்கி, ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறது. நல்ல திட்டம். ஆனால் இத்தகைய கூடங்களுக்கு வரும் பெட்டிகளில் மோட்டாரை ஓட்ட எல்298என் போன்ற தயார் மாட்யூல் இருக்கும். படத்தைப் பார்த்து ஒயரைச் சொருகினால் வண்டி ஓடிவிடும். ஓடாவிட்டால் ஏன் என்று பிள்ளைக்குத் தெரியாது. அந்த மாட்யூல் ஓர் ஆம்பியர் ஓடும்போது இரண்டு வோல்ட் அளவுக்குத் தானே தின்றுவிடும் என்பதும் தெரியாது. ஐந்து வோல்ட்டில் மோட்டாருக்கு மிஞ்சுவது மூன்றுதான். முதல் பாடம் ஒற்றை டிரான்சிஸ்டராக இருக்க வேண்டும் என்பேன். மாட்யூல் பிறகு வரட்டும்.

இங்கே முதலில் பிசி547-ஐ எடுத்தார்கள். அதன் தாங்குதிறன் நூறு மில்லி ஆம்பியர்தான் என்று ஒருவன் சொன்னதும் அது டப்பாவுக்குத் திரும்பியது. அடுத்து டிப்122. பேஸுக்கு ஒரு கிலோ ஓம் மின்தடை. அந்த வழியாக நாலு மில்லி ஆம்பியர்கூடப் போகாது, பின்னுக்கு அது சுமையே இல்லை. மோட்டாருக்குத் தனி பேட்டரி. எல்லாம் சரியாக இருந்தும் மோட்டார் அசையவில்லை. “மைனசைச் சேத்தியாடா?” என்று ஒருவன் கேட்டான். சேர்க்கவில்லை. பேட்டரியின் மைனசும் போர்டின் கிரவுண்டும் இணைந்ததும் சுற்றியது.

மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டயோடு ஏன் வேண்டும் என்று அந்த இளைஞர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. மோட்டாருக்குக் குறுக்கே ஒரு எல்.இ.டி.யைத் தலைகீழாக மாட்டினார். தலைகீழாக இருந்தால் எரியாது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். மோட்டாரின் தண்டை விரலால் பிடித்துக்கொண்டு, பேட்டரி ஒயரைத் தொட்டு எடுத்தார். எடுத்த கணத்தில் அது பளிச்சென்று மின்னியது. சுருளில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் சட்டென்று நிற்க மறுக்கிறது. வழி கிடைக்காவிட்டால் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டு டிரான்சிஸ்டரை உடைத்துப் போகும். 1என்4007 டயோடு அதற்கு ஒரு சுற்றுப்பாதை தருகிறது. ஓரிரு ரூபாய்ச் சாமான்.

பிறகு சாமை. வேகத்துக்கு 0 முதல் 255 வரை எண். போர்டு மின்சாரத்தை நொடிக்கு ஏறத்தாழ 490 முறை போட்டு நிறுத்துகிறது. எண் கூடினால் போட்டிருக்கும் நேரம் கூடும். 60 கொடுத்தபோது மோட்டார் ஊளையிட்டதே தவிர நகரவில்லை. கையால் சுண்டிவிட்டதும் ஓடியது. புறப்படும் உராய்வை வெல்ல அந்த எண் போதவில்லை, ஓட்டத்தைத் தொடரப் போதும். ஒரு பெண் புரோகிராமில் இரண்டு வரி சேர்த்தாள்: முதலில் ஒரு கணம் 255, உடனே 60. எண்ணை ஏற்றி இறக்கிப் பார்த்ததில், உமி மட்டும் பறந்து மணி முறத்திலேயே விழுந்த வேகம் 110-ஐ ஒட்டி நின்றது. இறக்கை மாறினால் எண்ணும் மாறும்.

அந்த நேரத்தில் மரவள்ளிக் காட்டிலிருந்து ஒருவர் முதுகில் பேட்டரி ஸ்பிரேயரோடு வந்தார். 2020 முதல் தமிழ்நாட்டு மரவள்ளியை மாவுப்பூச்சி படுத்துகிறது. ஸ்பிரேயரின் திருகைக் குறைத்தாலும் வேகம் குறையவில்லை, மருந்து வீணாகிறது என்றார்.

“கழட்டிப் பாக்கலாங்களா மாமா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு முன்பே ஸ்குரூவைத் திருகினான் பையன்.

உள்ளே ஒரு 555 சிப், ஒரு மாஸ்ஃபெட், விரிசல் விட்ட டயோடு. 12 வோல்ட் மோட்டாருக்கும் அதே சுற்றுதான், போர்டு மட்டும் இல்லை. மாஸ்ஃபெட்டில் மீட்டரை வைத்ததும் பீப் நிற்காமல் ஒலித்தது. உள்ளே ஷார்ட் ஆகி நிரந்தரமாகத் திறந்தே கிடக்கிறது. டயோடு முதலில் போய், மாஸ்ஃபெட்டையும் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

“நம்ம டிப்122 போட்டுடலாமா சார்?”

“மூணு ஆம்பியர் இழுத்தா அதுல ஒன்றரை வோல்ட்டு நிக்கும். நாலரை வாட் சூடு. அந்த டப்பாவுக்குள்ள தாங்காது.”

இளைஞர் ஒரு தாளில் எழுதினார். மாஸ்ஃபெட்: ஐஆர்எஃப்இசட்44என். ஆர்டுயினோவுக்கு வாங்கும்போது ஐஆர்எல்இசட்44என்தான் கேட்க வேண்டும், ஐந்து வோல்ட்டில் முழுதாகத் திறப்பது அதுதான். இங்கே 555-க்குப் பன்னிரண்டு வோல்ட் இருப்பதால் சாதாரணமே போதும். டயோடு: 1என்5822, வேகமாக மூடக்கூடிய ரகம்.

“கள்ளக்குறிச்சியில கெடைக்குமாப்பா?” என்றார் வந்தவர்.

“கெடைக்கலன்னா சென்னை ரிச்சி தெருவுல இருந்து வரவழைச்சிடலாம்ண்ணா. அதுவரைக்கும் ஃபுல் ஸ்பீடுலதான் ஓடும், முனையை மட்டும் சின்னதா மாத்திக்குங்க.”