கொழும்பிலிருந்து வந்த கன்று

பாஸ்மதி அரிசி உலையில் கொதிக்கத் தொடங்கும்போது எழும் மணம், சென்னையின் இந்த மாடிச் சமையலறையில் எனக்கு அரிசியின் மணமாகப் படுவதே இல்லை, தூத்துக்குடியில் ஆச்சி வீட்டு அங்கணக்குழி ஓரத்தில் நின்ற ரம்பைச் செடியின் மணமாகத்தான் படுகிறது. இரண்டிலும் இருப்பது 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற ஒரே பொருள்தான் என்று பின்னாளில் படித்தேன், மூக்கு அதற்கு வெகுகாலம் முன்பே கண்டுபிடித்திருந்தது.

ரம்பைக்கு உப்புத் தண்ணீர் ஆகாது, எங்கள் தெருக் கிணறுகளிலோ உப்பு, ஆகவே வல்லநாட்டிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரில் அரிசி களைந்து, அந்தக் கழுநீரை மட்டுமே அதன் தூரில் ஊற்றுவாள் ஆச்சி. மதிய வெயில் முருங்கை இலைகளுக்குள் புகுந்து சல்லடையாகக் கீழே விழும் நேரத்தில், குனிந்து, முற்றிய அடியிலை ஒன்றை ஒடித்து, சேலைத் தலைப்பில் துடைத்து, கத்தி படாமல் விரலாலேயே கிழித்து, லேசாகக் கசக்கி, வெங்காயத்துக்கு முன்னால் எண்ணெயில் போடுவாள். பச்சையாக முகர்ந்தால் புல்வாசம்தான் வரும். "சூடு காட்டுனாத்தான் அது வாய் தொறக்கும்ல" என்பாள்.

தாத்தா சங்கு குளித்தவர், 1961-க்குப் பிறகு எங்கள் கடலில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை, அவருக்குச் சங்கு மட்டும் மிஞ்சியது. எல்லோரும் சோற்றிலிருந்து பொறுக்கி எறியும் ரம்பைத் துண்டுகளை அவர் தட்டின் ஓரமாக வரிசையாக ஒதுக்கி வைத்து, கடைசியில் ஒவ்வொன்றாக எடுத்துச் சப்பிவிட்டுத்தான் கை கழுவுவார், அந்த நேரத்தில் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுப்பதில்லை.

அந்தச் செடியைக் கொண்டுவந்தது அவருடைய தம்பி, தோணியில் தண்டலாக இருந்தவர், வெங்காயமும் வத்தலும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனவர், திரும்பும்போது ஒரு கன்றை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துவந்தாராம். ரம்பைக்கு உறவான தாழை எங்கள் கடற்கரை மணலில் தானாக மண்டிக் கிடக்கும், அதற்குப் பூவில் மணம். ரம்பை பூப்பதே அபூர்வம், விதை வைப்பதில்லை, ஒருவர் பெயர்த்து இன்னொருவர் கையில் கொடுத்தால்தான் அது அடுத்த முற்றத்துக்குப் போகும்.

காயல்பட்டினத்தில் தாத்தாவுக்குப் பழக்கமான ஒரு வீடு உண்டு, அந்த வீட்டு ஆண்கள் கொழும்பில் வியாபாரம் செய்தவர்கள், ஒரு ரம்ஜான் மாதத்துச் சாயங்காலம் நாங்கள் போயிருந்தபோது நோன்புக் கஞ்சிப் பானையைத் திறந்தார்கள், தேங்காய்ப்பாலுக்கும் வெந்தயத்துக்கும் அடியிலிருந்து அதே மணம் எழுந்தது. ஆச்சி உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்து நேராகக் கொல்லைப்புறம் போனாள், அந்த வீட்டு உம்மாவும் அவளும் ரம்பைத் தூரைச் சுற்றி நின்று, உனக்கு எப்போது வந்தது, எனக்கு எப்போது வந்தது என்று இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மாதா கோயில் தெருவையும் அவர்கள் பள்ளிவாசல் தெருவையும் இப்படி ஒரு இலை சொந்தமாக்கி வைத்திருந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமைதான்.

கன்று வந்த அதே கடல்வழியில் 2011-இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள், சில மாதங்களிலேயே நின்றுபோனது. ரம்பை நின்ற ஆச்சி வீட்டு முற்றத்தில் இன்று சிமென்ட் தளம். இங்கே சென்னையில், சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் வியர்த்துக் கிடக்கும் ரம்பையை வாங்கலாம், பேக்கரியில் அதன் பெயரைச் சொல்லி வெறும் பச்சைச் சாயத்துக் கேக் விற்கிறார்கள், ஆச்சி இரண்டையும் தொட்டிருக்கமாட்டாள்.

நர்சரியில் வாங்கிய தூர் பால்கனித் தொட்டியில் நிற்கிறது, இலை மெலிவு, மணமும் பாதிதான், என்றாலும் பக்கத்தில் கன்று வெடித்தபோது தொட்டி நிறையட்டும் என்று விட மனம் வரவில்லை. வேர் பிடித்ததும் அறுத்து மேல்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தேன், "எத்தனை நாள்ல இலை பறிக்கலாம் ஆன்ட்டி?" என்றாள், "அவசரப்படாதே, நன்றாகத் தூர் கட்டட்டும், நேர் வெயிலில் மட்டும் வைக்காதே" என்றேன். அடுத்த கன்று கீழ்வீட்டுக்காரருக்கு என்று சொல்லியாயிற்று.